"பேங்க் நெகாரா பூட்டிட்டாங்க": பூட்டியது யார், சாவி யாரிடம்?

#1 லயத்துவாசி
வணக்கம். சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டத்துப் பையன்கள் சிலருடைய அக்கவுண்டு, மோசடிப் பணம் வந்துபோனதாகச் சொல்லி முடங்கிக் கிடக்கிறது. எல்லாரும் சொல்வது ஒரே வாசகம்: "பேங்க் நெகாரா பூட்டிட்டாங்க." கவுண்டரில் கேட்டால் "அம்லா" என்று ஒரு சொல் வருகிறது, அதற்குமேல் யாரும் வாய் திறப்பதில்லை. ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் பஸ் ஏறி அலைகிறார்கள். மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் வேலை எதுவரை, போலீஸ் வேலை எங்கே ஆரம்பம் என்று விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். "ஏமாறாதீர்கள்" என்ற அறிவுரை வேண்டாம். அது வாட்சாப்பில் மூட்டை மூட்டையாக வருகிறது.

#2 பழைய_கிராணி
அம்லா என்பது 2001ஆம் ஆண்டின் 613ஆம் சட்டம். 2002 ஜனவரி 15 முதல் அமலில் இருக்கிறது. முதலில் பணச்சலவைக்கு மட்டும்தான். பிறகு பயங்கரவாத நிதியும், 2014ல் "சட்டவிரோத நடவடிக்கையின் வருமானம்" என்பதும் சேர்ந்து பெயர் ஒரு முழ நீளம் ஆனது. சட்டம் ஒன்றுதான். அதை வைத்து நடவடிக்கை எடுப்போர் பலர். குழப்பமே இங்கேதான்.

பேங்க் நெகாராவுக்குள் நிதிப் புலனாய்வு, அமலாக்கப் பிரிவு என்று ஒன்று உண்டு. அது செய்வது இரண்டு வேலை.

ஒன்று, அறிக்கை வாங்குவது. வங்கி, காப்புறுதி, நாணய மாற்றுக்கடை, பணம் அனுப்பும் கடை, அடகுக்கடை, நகைக்கடை, லைசென்ஸ் உள்ள வட்டிக்கடை, வக்கீல், கணக்காளர், கம்பெனி செயலாளர், வீடு நில ஏஜெண்டு, கெந்திங் சூதாட்ட மையம் என்று சட்டத்தின் பட்டியலில் உள்ளவர்கள் சந்தேகம் வந்தால் அறிக்கை அனுப்பியாக வேண்டும். 14ஆம் பிரிவு சொல்லும் கடமை இது. எஸ்டிஆர் என்பார்கள். தொகைக்குக் கீழ்வரம்பு இல்லை. 300 வெள்ளியாக (ரிங்கிட்) இருந்தாலும், பரிவர்த்தனை நடக்காமல் முயற்சியோடு நின்றுபோனாலும் எழுதலாம். அந்த நிறுவனத்தின் இணக்க அதிகாரி "இது சந்தேகம்தான்" என்று முடிவு செய்த மறு வேலைநாளுக்குள் ஃபின்ஸ் என்ற கணினி முறை வழியாகப் போய்ச் சேர வேண்டும்.

ரப்பர்ப் பால் நிறுக்கும் கொட்டகையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வெட்டுக்காரரின் வாளியை மட்டும் பார்த்தால் ஒன்றும் தெரியாது. எல்லா நிரைகளின் எடையையும் செக்ரோல் என்ற தோட்டப் பதிவேட்டில் வரிசையாகப் பார்க்கும்போதுதான் எங்கே பால் குறைகிறது, எங்கே தண்ணீர் கலந்திருக்கிறது என்று பிடிபடும். நாலு வங்கி தனித்தனியாக அனுப்பிய நாலு அறிக்கையில் ஒரே கைப்பேசி எண் இருப்பதை அந்த வங்கிகள் பார்க்க முடியாது. புலனாய்வுப் பிரிவு பார்க்கும். பார்த்துத் தொகுத்து போலீஸ், லஞ்ச ஒழிப்பு ஆணையம், சுங்கத்துறை, வருமான வரி வாரியம் என்று உரியவரிடம் தள்ளிவிடும். கைது செய்வது, வழக்குக் கட்டுவது எல்லாம் அங்கே.

இரண்டு, தன் சொந்தச் சட்டங்களுக்குத் தானே விசாரணை செய்வது. லைசென்ஸ் இல்லாமல் பொதுமக்களிடம் வைப்புத்தொகை வாங்குவது 2013 நிதிச் சேவைச் சட்டத்தின் 137ஆம் பிரிவில் வரும். 10 ஆண்டு சிறை, 5 கோடி வெள்ளி அபராதம் வரை போகும். லைசென்ஸ் இல்லாமல் பணம் அனுப்புவதும் மாற்றுவதும் 2011 பணச் சேவைத் தொழில் சட்டத்தில். அதற்கு 10 ஆண்டு, 50 லட்சம் வரை.

இவர்களை ஒரே மேசையில் உட்கார வைக்க 2000லேயே தேசிய ஒருங்கிணைப்புக் குழு அமைத்தார்கள். தலைமை பேங்க் நெகாரா. வெளிநாட்டுப் புலனாய்வுப் பிரிவுகளோடு தகவல் மாற்றிக்கொள்ள 2003ல் எக்மண்ட் குழுவில் சேர்ந்தது. 2016ல் பணச்சலவைக்கு எதிரான பன்னாட்டு அமைப்பான எஃப்ஏடிஎஃப்பில் உறுப்பினர்.

#3 சிவப்பு_மண்
கிராணி அண்ணே, நெகாரா வெறும் தபால்காரன் மாதிரி எழுதிட்டீங்களே. நாணய மாற்றுக்கடையில் ரெய்டு போய் கணக்கை முடக்குகிறார்களே, அது யார்?

#4 பழைய_கிராணி
அதுவும் நெகாராதான் தம்பி, இரண்டாவது வேலை. முடக்கும் அதிகாரமே இல்லை என்று எழுதவில்லை. தன் சட்டத்துக்கு உட்பட்ட குற்றமாக இருந்தால் முடக்கும். ஆனால் நம் பையன்களின் விவகாரம் மோசடிப் பணம். அது தண்டனைச் சட்டம், போலீஸ் வணிகக் குற்றப் புலனாய்வுத் துறையின் கோப்பு. நெகாராவின் வாசலில் நின்றால் "விசாரணை அமைப்பைக் கேளுங்கள்" என்று அனுப்பிவிடுவார்கள். பஸ் காசுதான் நஷ்டம்.

#5 வரவுசெலவு
லயத்துவாசி, பூட்டு ஒரே வகை கிடையாது. மூன்று உண்டு. எந்தப் பூட்டு என்று தெரியாமல் சாவி தேடக்கூடாது.

முதல் பூட்டை வங்கியே போடுகிறது. ஐசி (அடையாள அட்டை) விவரம் பழசு, வேலை என்ன என்று பதிவில் இல்லை, அல்லது கணினி எச்சரிக்கை கொடுத்துவிட்டது. எச்சரிக்கைக்கு ஆதாரம் இப்படி இருக்கும்: மாதம் 1,700 வெள்ளி சம்பளம் மட்டும் வந்துகொண்டிருந்த கணக்கு. மூன்று மாதம் சும்மா கிடந்தது. திடீரென்று புதுக் கைப்பேசியில் செயலி பதிவாகிறது. மறுநாள் முன்பின் தெரியாத ஐந்து பேரிடமிருந்து 18,000 வருகிறது. பத்து நிமிடத்தில் டுயிட்நவ் என்ற உடனடிப் பணப் பரிமாற்ற முறை வழியாக நாலு கணக்குக்குப் பிரிந்து போகிறது. மிச்சம் 4 வெள்ளி 20 காசு. செம்பனைக் குலை வெட்டும் தொழிலாளியின் கணக்கு இப்படி நடக்காது என்பது கணினிக்குத் தெரியும். 997க்குப் புகார் வந்து, பணம் போன வழியைத் துரத்தும்போதும் வங்கி உடனே நிறுத்தி வைக்கும். 2022ல் தொடங்கிய தேசிய மோசடி எதிர்ப்பு மையம்தான் அந்த 997. வங்கிகள், போலீஸ், நெகாரா எல்லாம் ஒரே கூரையில். இந்தப் பூட்டின் சாவி வங்கியிடம்.

இரண்டாவது, அம்லா 44ஆம் பிரிவில் விசாரணை அமைப்பு போடும் முடக்க ஆணை. 90 நாள். அதற்குள் வழக்கோ சட்ட நடவடிக்கையோ தொடங்காவிட்டால் ஆணை தானாகச் செத்துப்போகும். சாவி விசாரணை அதிகாரியிடம், நாம் ஐஓ என்கிறோமே அவர். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் கீழும் போலீஸ் கணக்கை நிறுத்தலாம். 2024 திருத்தம் அதைத் தெளிவாக்கியது.

மூன்றாவது, 50ஆம் பிரிவு. அரசுத் தரப்பு வழக்கறிஞரின் ஆணைப்படி பணத்தைக் கைப்பற்றிப் பிடித்து வைப்பது. பெரும்பாலும் 44க்குப் பிறகு இது வரும். "90 நாள் முடிந்தும் திறக்கவில்லையே" என்று புலம்புகிறவர்களுக்கு நடந்தது இதுதான், 44இன் ஆணை முடியுமுன் 50இன் ஆணை விழுந்திருக்கும். இதன் பிறகு யார்மீதும் வழக்குப் போடாவிட்டாலும், பிடித்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் 56ஆம் பிரிவில் நீதிமன்றத்தில் பறிமுதல் கேட்கலாம். அங்கே சந்தேகத்துக்கு அப்பாற்பட்ட நிரூபணம் தேவையில்லை, சிவில் வழக்கின் அளவுகோல் போதும். "என்மேல் கேஸே இல்லை, பணம் எப்படிப் போகும்?" என்ற கேள்விக்குப் பதில் இதில் இருக்கிறது.

கவுண்டர் பெண் வாய் திறக்காததற்கும் காரணம் உண்டு. எஸ்டிஆர் அனுப்பியதை வாடிக்கையாளரிடம் கசியவிட்டால் 14ஏ பிரிவில் அந்தப் பெண்ணுக்கே 5 ஆண்டு சிறையோ 30 லட்சம் வரை அபராதமோ வரலாம். அவரைத் திட்டிப் பயன் இல்லை.

#6 லயத்துவாசி
ரொம்ப நன்றி. எந்தப் பூட்டு என்று வங்கியிடமிருந்து எப்படிக் கறப்பது?

#7 வரவுசெலவு
வாயால் கேட்காதீர்கள், கடிதம் கொடுங்கள். நாலே கேள்வி: எந்தத் தேதியில் முடங்கியது, எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில், ஆணை எந்த அமைப்பிலிருந்து வந்தது, அதன் குறிப்பு எண் என்ன. எஸ்டிஆர் பற்றிக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது. போலீஸ் ஆணையாக இருந்தால் அதன் எண்ணைச் சொல்வது வேறு விஷயம். நகலில் "பெற்றுக்கொண்டோம்" முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது எல்லாரும் தவறும் இடம். வழக்கு பாதிக்கப்பட்டவர் புகார் கொடுத்த ஊரில் இருக்கும். பணம் இழந்தவர் பத்து பகாட்டில் ரிப்போட் போட்டிருந்தால் ஐஓ பத்து பகாட்டில். சுங்கை சிப்புட் ஸ்டேஷனில் எத்தனை நாள் உட்கார்ந்தாலும் அவர்களால் திறக்க முடியாது. ஒரே கணக்குக்கு மூன்று ஊரில் மூன்று ரிப்போட் இருந்தால் மூன்று ஐஓவும் விடுவித்தாக வேண்டும். ஒருவர் கடிதம் கொடுத்துவிட்டார், இன்னும் திறக்கவில்லை என்றால் மற்ற இரண்டு பூட்டு மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். போலீசின் செமாக் மியூல் தளத்தில் கணக்கு எண்ணைப் போட்டால் எத்தனை புகார் என்று தெரியும். வங்கிக்குப் போகுமுன் அதைப் பார்த்துவிடுங்கள்.

ஐஓவிடம் போகும்போது ஆறு மாத ஸ்டேட்மெண்ட், சம்பளச் சீட்டு, அந்தப் பணம் வந்ததற்கான பில் அல்லது உரையாடல், எதிர்த்தரப்பின் எண். உரையாடலை ஸ்கிரீன்ஷாட் மட்டும் எடுத்துவிட்டு அழித்துவிடாதீர்கள், கைப்பேசியையே கேட்பார்கள். முழுக் கணக்கும் முடங்கி வீட்டுச் செலவுக்கே வழியில்லை என்றால், நியாயமான பிழைப்புச் செலவுக்கு அனுமதி கேட்டு ஐஓவுக்கு எழுதலாம். 44இல் அதற்கு இடம் இருக்கிறது. யாரும் எழுதிக் கேட்பதில்லை.

"ஆயிரம் வெள்ளி கொடு, நெகாராவில் ஆள் இருக்கு, திறந்து தர்றேன்" என்று ஒருவன் வருவான். அவன் முதல் மோசடிக்காரனின் தம்பி.

#8 பத்தரை_மாற்று
நகைக்கடைகளுக்கு ஒரு கேள்வி. ரொக்கத்துக்கு வரம்பு 50,000 என்கிறார்கள், 25,000 என்றும் சொல்கிறார்கள். எது சரி?

#9 பழைய_கிராணி
இரண்டும் சரி ஐயா, ஆனால் வேறு வேறு ஆளுக்கு. 25,000 வங்கிகளுக்கு. ஒரே நாளில் ஒரு கணக்கில் ரொக்கமாக 25,000 அல்லது மேல் போட்டாலோ எடுத்தாலோ சிடிஆர் என்ற ரொக்க அறிக்கை தானாகப் போகும். முன்பு 50,000ஆக இருந்தது, 2019 முதல் குறைத்தார்கள். காலையில் 15,000, மாலையில் 12,000 போட்டாலும் கூட்டிக்கொள்வார்கள்.

நகை வியாபாரிக்கு 50,000. ஒரே தடவையாகவோ, ஒரே நாளில் தொடர்புள்ள பல தடவையாகவோ, எல்லாக் கிளைகளையும் சேர்த்தோ ரொக்கம் அந்த அளவு வந்தால் வாடிக்கையாளரை அடையாளம் பார்க்க வேண்டும். ஐசி, முகவரி, பிறந்த தேதி, குடியுரிமை, தொழில், எதற்காக வாங்குகிறார் என்பது. பெயரை ஐநாவின் பட்டியலிலும் உள்துறை அமைச்சின் பட்டியலிலும் ஒத்துப்பார்க்க வேண்டும். பதிவேடு 6 ஆண்டு இருக்கணும். கல்யாண மாதத்தில் 60,000க்கு நகை எடுப்பது நம் ஊரில் சந்தேகம் ஆகாது, விவரம் வாங்கி வைத்தால் போதும். மாறாக 8,000 வெள்ளி விலையுள்ள சங்கிலியைக் காலையில் வாங்கி மாலையில் நஷ்டத்தில் விற்கவரும் பையன், வரம்புக்கு வெகு கீழே இருந்தாலும் எஸ்டிஆருக்கு உரியவன். கடைக்காரர்கள் வரம்பையே பார்த்துக்கொண்டு ஆளைப் பார்க்காமல் விடுகிறார்கள். நெகாரா கேட்கும் தரவு, இணக்க அறிக்கைப் படிவத்தையும் குப்பையில் போடாமல் நிரப்பி அனுப்புங்கள்.

#10 அம்மன்கோயில்_கணக்கு
திருவிழா உண்டியல் எண்ணினால் 30,000 வரும். அறிக்கை போய்விடும் என்று பயந்து கமிட்டியில் "மூணு நாளா பிரிச்சுப் போடலாம்" என்கிறார்கள். செய்யலாமா?

#11 வரவுசெலவு
செய்யவே கூடாது. சிடிஆர் என்பது தெர்மாமீட்டர் மாதிரி, அளவு மட்டும் காட்டும், குற்றம் சொல்லாது. அதில் ஒரு பாதிப்பும் இல்லை. அறிக்கையைத் தவிர்ப்பதற்காகவே தொகையைப் பிரிப்பது 4ஏ பிரிவில் தனிக் குற்றம். பணம் சாமி பணமாக, சுத்தமாக இருந்தாலும் பிரித்ததே குற்றமாகிவிடும். 9,000, 9,000, 12,000 என்று மூன்று நாள் வரிசையாகப் போட்டால் கணினி முதலில் பிடிப்பதே அதைத்தான்.

எண்ணும்போது மூன்று பேர் கையெழுத்திட்ட தாள், நோட்டு வாரியாக எத்தனை, சில்லறை எவ்வளவு, தேதி, நேரம். மறுநாளே முழுத்தொகையையும் சங்கத்தின் பெயரில் உள்ள கணக்கில் போடுங்கள். பொருளாளரின் சொந்தக் கணக்கில் "தற்காலிகமாக" போடுவதுதான் கோயில்களில் நடக்கும் பெரிய தப்பு. நோக்கம் நல்லதாக இருக்கலாம், ஸ்டேட்மெண்டில் நோக்கம் அச்சாகாது.

#12 சிவப்பு_மண்
உண்டியல் என்றதும் ஞாபகம் வருது. ஊருக்கு "உண்டியலில்" பணம் அனுப்புவது இன்னும் நடக்குது லா. அதுல யாருக்கு நட்டம்? ரேட்டும் நல்லா தர்றான்.

#13 பழைய_கிராணி
பேர் ஒன்று, சமாச்சாரம் வேறு. இங்கே வெள்ளியைக் கொடுக்கிறீர்கள், அங்கே இராமநாதபுரத்தில் அவன் ஆள் ரூபாயைக் கொடுக்கிறான். பணம் கடலைத் தாண்டுவதே இல்லை. இரண்டு பக்கத்துக் கணக்கும் பிறகு தங்கத்திலோ, விலை கூட்டிக் குறைத்த சரக்குப் பில்லிலோ நேராகும்.

நட்டம் எப்போது வரும் என்றால், திசை திரும்பும்போது. ஊரிலிருந்து இங்கே படிக்கும் பிள்ளைக்கு உறவினர் உண்டியலில் 5,000 அனுப்புகிறார். இங்குள்ள ஏஜெண்டு தன் கையிலிருந்து கொடுக்க மாட்டான். மோசடியில் பணம் இழக்கப் போகும் ஒரு பாட்டியிடம் அந்தப் பிள்ளையின் கணக்கு எண்ணைக் கொடுத்து "இதுக்குப் போடுங்க" என்பான். பிள்ளைக்குச் சரியாக 5,000 வந்து சேரும். மறுநாள் பாட்டி 997க்கு அடிப்பார், முடங்குவது பிள்ளையின் கணக்கு. அனுப்பியவர் பெயரைப் பாருங்கள், உங்கள் உறவினரா? யாரோ முன்பின் தெரியாத பெயர் என்றால் பணத்தைத் தொடாமல் அன்றே வங்கிக்குச் சொல்லுங்கள். கிரிப்டோவை நேரடியாக ஆளுக்கு ஆள் விற்பவர்களும் இதே பள்ளத்தில்தான் விழுகிறார்கள்.

கையில் எடுத்துப் போகிறவர்களுக்கு: 10,000 அமெரிக்க டாலர் மதிப்பைத் தாண்டினால் இங்கே சுங்கத்துறையில் அறிவிக்க வேண்டும், 23ஆம் பிரிவு. திருச்சியில் இறங்கும்போது வெளிநாட்டு நோட்டு 5,000 டாலரைத் தாண்டினாலே அங்கே அறிவிப்பு. இரண்டு நாட்டு வரம்பும் ஒன்றல்ல.

#14 சிவப்பு_மண்
எல்லாம் சரி. ஆனா தோட்டத்துப் பையனைப் பிடிக்கிற வேகம் பெரிய இடத்துல இல்லையே. 1எம்டிபி (அரசு முதலீட்டு நிறுவனம்) ஊழல் ஓடினப்ப இந்த ஃபின்ஸ் தூங்கிட்டிருந்துச்சா?

#15 வரவுசெலவு
கேள்வி நியாயமானது, மழுப்ப விரும்பவில்லை. அறிக்கை முறை என்பது அறிக்கை எழுதுகிறவனின் நேர்மையில் நிற்கிறது. எழுத வேண்டிய வங்கி எழுதாவிட்டால் செக்ரோலில் வரிசையே காலி. 2015ல் அம்பேங்க் விதிமீறல்களுக்காக 5 கோடியே 37 லட்சம் வெள்ளி அபராதம் கட்டியது. பிறகு, 1எம்டிபியின் துணை நிறுவனமாக இருந்த எஸ்ஆர்சி பற்றிய வழக்கில் 4.2 கோடி வெள்ளி தொடர்பாக 2020 ஜூலை 28ல் முன்னாள் பிரதமர் நஜிப் குற்றவாளி என்று தீர்ப்பானபோது, ஏழு குற்றச்சாட்டில் மூன்று இதே அம்லா 4ஆம் பிரிவுதான். பையனுக்கும் அவருக்கும் சட்டம் ஒன்று, காத்திருந்த ஆண்டுகள்தான் வேறு. என் அபிப்பிராயம், புலனாய்வுப் பிரிவு தகவலைத் தள்ளிவிட்ட பிறகு அதை வாங்கிய அமைப்பு நடவடிக்கை எடுத்ததா என்று கேட்க அதற்குக் கை நீளம் போதவில்லை.

#16 பால்மரத்து_நிழல்
தன் வங்கிக் கார்டை மோசடிக் கும்பலிடம் கொடுத்த பையன்களைப் பற்றி யாரும் நேராக எழுதவில்லை. "எனக்கு ஒண்ணும் தெரியாது, கார்டைத்தான் கொடுத்தேன்" என்பது பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள்.

முன்பு அவர்கள்மீது தண்டனைச் சட்டம் 424, அல்லது 1955 சில்லறைக் குற்றச் சட்டம் 29 போடுவார்கள். 2024 திருத்தத்தில் 424ஏ தொடங்கிப் புதுப் பிரிவுகள் வந்துவிட்டன. பிறர் கார்டை வைத்திருப்பது, தன் கார்டை விட்டுக்கொடுப்பது இரண்டுமே நேரடிக் குற்றம். மோசடி செய்தவனைப் பிடிக்காவிட்டாலும் வழக்கு நிற்கும்.

பணத்தைத் திரும்பக் கேட்கவும் வழி அடைகிறது. பறிமுதல் வழக்கில் உரிமை கோருவோருக்காக 61ஆம் பிரிவில் அரசிதழ் அறிவிப்பு வரும், குறித்த தேதியில் நீதிமன்றத்தில் நிற்க வேண்டும். அங்கே ஐந்து நிபந்தனை. பணத்தில் சட்டப்படி உரிமை இருக்க வேண்டும். குற்றத்தில் பங்கு இருக்கக்கூடாது. தெரியாமல் இருந்திருக்க வேண்டும், வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொண்டிருக்கவும் கூடாது. பறிமுதலைத் தவிர்க்கக் கைமாறியதாக இருக்கக்கூடாது. ஐந்தாவது, தவறான பயன்பாட்டைத் தடுக்கத் தன்னால் ஆனதையெல்லாம் செய்திருக்க வேண்டும். ரகசிய எண்ணையும் சேர்த்துக் கார்டைக் கொடுத்தவன் இந்த ஐந்தாவதில் என்ன சொல்வான்?

இன்னும் ஐஓ கூப்பிடாத பையன் இருந்தால் இன்றைக்கே வங்கியின் 24 மணி நேர எண்ணுக்கு அடித்துக் கார்டை ரத்து செய்யட்டும், செயலி எந்தக் கைப்பேசியில் பதிவாகியிருக்கிறது என்று கேட்டு அதை நீக்கச் சொல்லட்டும், பிறகு ஸ்டேஷனில் ரிப்போட். "கார்டு தொலைந்துவிட்டது" என்று பொய் ரிப்போட் போடாதே தம்பி. கொடுத்த உரையாடல் அவன் கைப்பேசியில் இருக்கும், பொய்ப் புகாருக்கு இன்னொரு வழக்கு சேரும்.

#17 லயத்துவாசி
கடைசியாக ஒன்று. முடங்கிய கணக்குக்கே தோட்டச் சம்பளமும் போகிறது. இந்த மாதம் 7ஆம் தேதிக்குள் ஏறிவிடும்.

#18 பழைய_கிராணி
உள்ளே போகும், வெளியே வராது. அதனால் இன்றைக்கே தோட்ட ஆபீசில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். வேறு வங்கியில் புதுக் கணக்குத் திறப்பது இப்போது சிரமம், பெயர் போலீஸ் பட்டியலில் இருந்தால் மறுப்பார்கள். வேலைவாய்ப்புச் சட்டம் 25ஏ படி தொழிலாளி எழுத்தில் கேட்டால் சம்பளத்தை ரொக்கமாகவோ செக்காகவோ கொடுக்கலாம். ரொக்கமே கேளுங்கள், செக்கை மாற்றவும் கணக்கு வேண்டும். மனைவி கணக்கில் போடச் சொல்வதற்கு முன் யோசியுங்கள், அடுத்து அந்தக் கணக்கையும் ஐஓ விசாரிப்பார். கடிதத்தில் பெயர், ஐசி எண், எந்த மாதச் சம்பளம், காரணம் "வங்கிக் கணக்கு தற்போது பயன்பாட்டில் இல்லை" என்று மட்டும். சம்பளப் பட்டியல் வங்கிக்குப் போன பிறகு கிராணியாலும் நிறுத்த முடியாது, ஆகவே 3ஆம் தேதிக்குள் கையில் கொடுத்துவிடுங்கள்.